சொசைட்டி ஆஃப் த ஸ்னோ: 72 நாள் பனியில் பிழைத்தவர்களிடமிருந்து எதை எடுத்துக்கொள்வது?

நெடுநடை:

படம் பார்த்தவர்களோடு பேசத்தான் இந்த இழை. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், முடிவு உட்பட எல்லாவற்றையும் பேசப்போகிறோம்.

சம்பவம் பலருக்கும் தெரிந்ததுதான். 1972 அக்டோபர் 13 அன்று உருகுவே விமானப்படையின் ஃபேர்சைல்ட் விமானம் 45 பேரோடு ஆண்டிஸ் மலையில் மோதியது. மொந்தெவிதேயோவின் ஓல்ட் கிறிஸ்டியன்ஸ் ரக்பி அணியினரும் அவர்களுடைய நண்பர்களும் உறவினர்களும்தான் பயணிகளில் பெரும்பகுதி. சிலியின் சாந்தியாகோவில் ஆடப் போய்க்கொண்டிருந்தார்கள். சுமார் 3,570 மீட்டர் உயரத்தில், இறக்கையும் வாலும் பிய்ந்துபோன விமான உடலுக்குள் கிடந்து, 72 நாள் கழித்து 16 பேர் திரும்பினார்கள். ஜே. ஏ. பயோனா 2023-இல் எடுத்த படம் இதைத்தான் சொல்கிறது.

இந்தக் கதையைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் 'மன உறுதி இருந்தால் எதையும் வெல்லலாம்' என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. அப்படியென்றால் திரும்பாத 29 பேருக்கு உறுதி போதவில்லையா? அக்டோபர் 29 இரவு பனிச்சரிவு விமானத்துக்குள் புகுந்து எட்டுப் பேரைக் கொன்றது. அணித்தலைவர் மார்செலோ பெரெஸ் அவர்களில் ஒருவர். முதல் நாளிலிருந்து எல்லோரையும் ஒன்றாக வைத்திருந்தவர், இருந்த கொஞ்சம் சாக்லேட்டையும் ஒயினையும் அளந்து பங்கிட்டவர். அவரைவிட உறுதியானவர் அங்கே யார்? அன்றிரவு யார் எந்த இடத்தில் படுத்திருந்தார் என்பதில் இருந்தது பிழைப்பதும் சாவதும்.

நான் எடுத்துக்கொள்வது வேறு. அங்கே காத்திருப்பதே ஒரு வேலையாக இருந்தது. பனியை அப்படியே தின்றால் வாய் புண்ணாகும், உடம்புச் சூடும் போகும். ஃபிதோ ஸ்த்ராவுச் இருக்கையின் முதுகிலிருந்த அலுமினியத் தகட்டை எடுத்து வளைத்து, அதில் பனியைப் பரப்பி வெயிலில் சாய்த்து வைத்தார். தண்ணீர் சொட்டுச் சொட்டாகப் பாட்டிலில் இறங்கியது. பனியின் வெளிச்சத்தில் கண் போகாமலிருக்க விமானி அறையின் வெயில் மறைப்பானை வெட்டிக் கண்ணாடி செய்தார்கள். இருக்கை மெத்தைகளைக் காலில் கட்டிக்கொண்டு, இடுப்புவரை புதையாமல் நடந்தார்கள். இவற்றில் ஒன்றுகூட அவர்களை மலையிலிருந்து வெளியே கொண்டுவந்திருக்காது. மறுநாள் காலைவரை கொண்டுபோய்ச் சேர்த்தது. அதற்கு மறுநாளும்.

உங்களுக்குப் படம் என்ன சொன்னது?

பனித்துளி:

நல்ல இழை. ஆனால் தொடக்கத்திலேயே ஓர் ஆட்சேபணை வைத்துவிடுகிறேன். இத்தனை பேர் இறந்த ஒரு சம்பவத்திலிருந்து வாழ்க்கைப் பாடம் எடுப்பதே எனக்கு உறுத்துகிறது. அந்த இளைஞர்கள் நமக்குக் கற்றுக்கொடுப்பதற்காக அங்கே போகவில்லை. பலருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை அல்லது அதைத் தாண்டிக் கொஞ்சம்தான் ஆகியிருந்தது.

படத்தின் பெரிய பலமாக நான் நினைப்பது, கதை சொல்லும் குரலை நூமா துர்காத்திக்குக் கொடுத்ததுதான். அவர் பிழைக்கவில்லை. டிசம்பர் 11 அன்று இறந்தார், மீட்புக்கு முன் இறந்தவர்களில் கடைசி ஆள். பிழைத்தவர் யாராவது கதை சொல்லியிருந்தால் 'நாங்கள் இதனால்தான் பிழைத்தோம்' என்ற தொனி தானாக வந்திருக்கும். நூமா சொல்லும்போது அந்தக் கணக்கே உடைந்துபோகிறது. நல்லவர், எல்லோருக்கும் பிடித்தவர், தன் பங்கைவிட அதிகம் உழைத்தவர், ஆனாலும் திரும்பவில்லை.

அதனால் 'இதைச் செய்தார்கள், பிழைத்தார்கள்' என்று கோடு போடுவதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது.

இரவுப்பணி:

தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியாக இருக்கிறேன். பனித்துளி சொல்வது எனக்குப் புரிகிறது. எங்கள் வார்டிலும் எல்லாம் சரியாகச் செய்தும் போய்விடுகிறவர்கள் உண்டு. குடும்பத்தார் 'அவர் போராடவில்லையா சிஸ்டர்' என்று கேட்கும்போது நெஞ்சு பதறும். போராடினார் என்றுதான் சொல்வேன், அது உண்மையும்கூட.

ஆனால் நெடுநடை சொன்ன 'வேலை' என்ற விஷயத்தை விட்டுவிடக் கூடாது. அது உயிரைக் காப்பாற்றியதா என்பது ஒரு கேள்வி. உயிரோடு இருந்த நாட்களை மனிதர்களுக்குரிய நாட்களாக வைத்திருந்ததா என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்கு என் பதில், ஆம்.

ரொபெர்த்தோ கனெஸாவையும் குஸ்தாவோ செர்பினோவையும் பாருங்கள். இருவரும் மருத்துவப் படிப்பின் ஆரம்ப ஆண்டுகளில் இருந்த மாணவர்கள். மருந்தும் கருவியும் இல்லாத இடத்தில் காயங்களைப் பார்க்கிறார்கள். கால் உடைந்தவர்கள் மேல் இருட்டில் யாராவது மிதித்துவிடுவார்கள் என்பதால் விமானத்திலிருந்த பட்டைகளைக் கொண்டு தொங்கும் படுக்கை கட்டுகிறார்கள். குளிர் அதில் அதிகம், ஆனால் வலி குறைவு. இரண்டில் எதைத் தாங்க முடியும் என்று அடிபட்டவரே முடிவு செய்ய வேண்டியிருந்தது. நான் தினமும் செய்கிற வேலைக்கு மிக நெருக்கமான காட்சி அது.

காயம்பட்டவர்களும் சும்மா கிடக்கவில்லை. கால் முறிந்த அர்துரோ நொகெய்ரா விமானியின் வரைபடங்களை வைத்துக்கொண்டு இருப்பிடத்தைக் கண்டுபிடிக்க முயன்றார். அவரும் திரும்பவில்லை. ஆனால் நடக்க முடியாத ஒருவரிடம் 'நீ வழியைப் பார்' என்று ஒப்படைத்தார்கள் பாருங்கள், அந்த நம்பிக்கையை நான் எங்கள் வார்டில் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குக் கொடுக்க விரும்புகிறேன். சிறு பொறுப்பாக இருந்தாலும் போதும்.

மின்கம்பி:

அக்கா சொன்னது அருமை. நான் மின்பொறியியல் பக்கம். வானொலி விஷயத்தைக் கொஞ்சம் விளக்கலாம் என்று நினைக்கிறேன், படம் அதை வேகமாகக் கடந்துவிடுகிறது.

நவம்பர் நடுவில் நந்தோ பர்ராதோ, கனெஸா, அந்தோனியோ விசின்தின் மூவரும் கிழக்கே நடந்து விமானத்தின் வால்பகுதியைக் கண்டுபிடிக்கிறார்கள். அதில் பேட்டரிகள் இருந்தன. விமானி அறையிலிருக்கும் வானொலிக் கருவியோடு இணைத்தால் உதவி கேட்கலாம் என்பது யோசனை. பேட்டரியைத் தூக்கி வர முடியாத எடை. அதனால் கருவியைக் கழற்றி, மின்னணுச் சாதனங்களைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்த ராய் ஹார்லியையும் அழைத்துக்கொண்டு மறுபடி வாலுக்குப் போகிறார்கள். நாள் கணக்கில் கம்பிகளை இணைத்துப் பார்க்கிறார்கள். வேலை செய்யவில்லை. செய்யவும் முடியாது. பேட்டரி தருவது 24 வோல்ட் நேர்மின்சாரம். கருவிக்குத் தேவை 115 வோல்ட் மாறுமின்சாரம். எந்தக் கம்பியை எங்கே மாட்டினாலும் அது பேசப்போவதில்லை.

அந்த உழைப்பு வீண் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மேற்கே மலையேறுவதென்றால் ஓர் இரவைக்கூட வெளியே தாங்க முடியாது என்பது முந்தைய முயற்சிகளிலேயே தெரிந்துவிட்டது. வாலில் வெப்பம் காக்கும் துணி இருந்தது, குழாய்களைச் சுற்றிப் போர்த்தியது. அதைக் கொண்டுவந்து மூன்று பேர் படுக்கும் தூக்கப்பை தைத்தார்கள். கார்லித்தோஸ் பயேஸ் தையலில் முன்னால் நின்றார். அந்தப் பை இல்லாமல் டிசம்பர் பயணமே கிடையாது. வானொலிக்காக வாலுக்குப் போனதன் லாபம், வானொலியில் இல்லை, அந்தத் துணியில் இருந்தது.

நெடுநடை:

மின்கம்பி, இந்தத் தொடர்பை நான் இப்படிக் கோர்த்துப் பார்த்ததில்லை. மிக்க நன்றி.

பனித்துளியின் ஆட்சேபணைக்கு ஒரு பதில் யோசித்தேன். பிழைத்ததற்கும் செய்ததற்கும் நேர்க்கோடு போட முடியாது, சரி. ஆனால் அரைகுறைத் தகவலோடு, பல நேரம் தவறான தகவலோடு எப்படி முடிவெடுப்பது என்பதை இந்தச் சம்பவத்தைப் போல் காட்டுவது வேறெதுவும் எனக்குத் தெரியாது. அதற்கு விபத்தின் காரணத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

அன்று விமானம் கிளம்பிய அர்ஜென்டினாவின் மெந்தோசா நகரத்திலிருந்து சாந்தியாகோ நேர்க்கோட்டில் சுமார் 200 கிலோமீட்டர்தான். ஆனால் நடுவில் இருக்கும் சிகரங்களைத் தாண்டும் உயரத்துக்கு அந்த விமானத்தால் பாதுகாப்பாக ஏற முடியாது. அதனால் தெற்கே போய், ப்ளாஞ்சோன் கணவாய் வழியாக மேற்கே கடந்து, சிலியின் கூரிகோ நகரம் வந்ததும் வடக்கே திரும்ப வேண்டும். மேகத்துக்குள் பறந்த விமானி கணவாயைக் கடப்பதாக அறிவித்தார். அங்கிருந்து கூரிகோவுக்கு வழக்கமாக 11 நிமிடம் ஆகும். மூன்றே நிமிடத்தில் கூரிகோ வந்துவிட்டதாகச் சொல்லி வடக்கே திரும்பினார். எதிர்க்காற்று வேகத்தைக் குறைத்திருந்தது. விமானம் இன்னும் மலைகளுக்கு நடுவில்தான் இருந்தது. கீழே இறங்கியபோது நேராகப் பாறை.

அந்தப் பிழை அதோடு நிற்கவில்லை. துணை விமானி இறப்பதற்கு முன் 'கூரிகோவைத் தாண்டிவிட்டோம்' என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இளைஞர்கள் அதை நம்பினார்கள். சாகும் தறுவாயில் விமானி சொல்கிறார், நம்பாமல் என்ன செய்வது? ஆகவே மேற்கே இருக்கும் ஒரு மலையைத் தாண்டினால் சிலியின் பச்சைப் பள்ளத்தாக்கு என்று முடிவு கட்டினார்கள். நொகெய்ரா வரைபடத்தில் எவ்வளவு தேடினாலும் தொடக்கப்புள்ளியே தவறு. உண்மையில் அவர்கள் அர்ஜென்டினாவுக்குள் இருந்தார்கள். கிழக்கே சுமார் 20 கிலோமீட்டரில் கைவிடப்பட்ட ஒரு ஓட்டல் இருந்தது.

டிசம்பர் 12 அன்று பர்ராதோவும் கனெஸாவும் விசின்தினும் மேற்குச் சரிவில் ஏறத் தொடங்கினார்கள். முறையான மலையேற்றக் கருவி எதுவும் கிடையாது. ஏறும் வழியில் கனெஸாவுக்குக் கிழக்கே தொலைவில் பாதை போல ஒரு கோடு தெரிந்தது. திரும்பி அங்கே போகலாம் என்று வாதிட்டார். பர்ராதோ ஒப்பவில்லை. மூன்றாம் நாள் உச்சியைத் தொட்ட பர்ராதோவின் கண்ணில் பட்டது பச்சை இல்லை. எல்லாத் திசையிலும், கண்ணுக்கு எட்டிய வரை, பனிச்சிகரங்கள்.

இங்கேதான் எனக்கான இடம். அந்த நொடியில் அவர்களுடைய முழுத் திட்டமும் பொய்யாகிவிட்டது. அவர்கள் என்ன செய்தார்கள்? மறுபடி பார்த்தார்கள். வெகுதொலைவில், மேற்கே, உச்சியில் பனி இல்லாத இரண்டு சிறிய மலைகள் தெரிந்தன. பனி இல்லையென்றால் உயரம் குறைவு, உயரம் குறைந்தால் மலைத்தொடர் அங்கே முடிகிறது. அதைப் புதிய இலக்காக வைத்தார்கள். நினைத்ததைவிட வழி பல மடங்கு நீளம் என்பதால், விசின்தினைத் திருப்பி அனுப்பிவிட்டு அவருடைய உணவையும் எடுத்துக்கொண்டார்கள்.

தகவல் தவறு என்று தெரிந்ததும் உடைந்து உட்காராமல், அந்த இடத்திலிருந்தே திட்டத்தைத் திரும்பப் போடுவது. வாழ்க்கையில் எனக்கு அதிகம் தேவைப்பட்டதும் அதிகம் கைகூடாததும் இதுதான்.

மலைவழி:

மலையேற்ற வழிகாட்டியாக வேலை செய்கிறேன். ஓர் எச்சரிக்கை சொல்லியே ஆக வேண்டும். இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு 'வழி தவறினால் உட்காராதே, நட' என்று யாராவது புரிந்துகொண்டால் அது ஆபத்து. மலையிலோ காட்டிலோ தொலைந்தால் முதல் விதி, இருக்கும் இடத்தில் இருப்பது. வாகனமோ விமானமோ பக்கத்தில் இருந்தால் அதை விட்டு நகரக் கூடாது. தேடுபவர்களுக்கு ஒற்றை ஆளைவிட அது எளிதில் தெரியும்.

அவர்களும் முதலில் அதைத்தான் செய்தார்கள் என்பதைக் கவனியுங்கள். கூரையில் உதட்டுச் சாயத்தால் உதவிக்குறி எழுதப் பார்த்தார்கள், மேலிருந்து தெரியும் அளவுக்கு எழுதச் சாயம் போதவில்லை. பெட்டிகளைப் பரப்பிப் பனியில் சிலுவைக்குறி போட்டார்கள். விமானம் வெள்ளை, பனியும் வெள்ளை. தேடிய விமானங்களுக்குத் தெரியவில்லை. எட்டு நாளில் தேடுதல் நிறுத்தப்பட்டது. அதைச் சிறிய டிரான்சிஸ்டரில் கேட்டபோதுதான் நிலைமை மாறியது.

அந்தச் செய்தியை எப்படிச் சொன்னார்கள் தெரியுமா? குஸ்தாவோ நிகோலிச் வெளியே வந்து, நல்ல செய்தி, தேடுவதை நிறுத்திவிட்டார்கள் என்றார். இதில் என்ன நல்லது என்று கோபத்தோடு கேட்டவர்களிடம், இனி நாமே வெளியேறப்போகிறோம் என்று அர்த்தம் என்றார். அந்த இளைஞரும் பனிச்சரிவில் போய்விட்டார்.

அப்போதும் மறுநாளே கிளம்பிவிடவில்லை. குளிர் குறையக் காத்திருந்தார்கள். நடக்கப்போகிறவர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்களுக்குக் கூடுதல் உணவும் சூடான இடமும் கொடுத்து, மற்ற வேலைகளிலிருந்து விலக்கு அளித்தார்கள். எப்போது இருக்க வேண்டும், எப்போது கிளம்ப வேண்டும் என்பதற்கு அவர்களிடம் காரணம் இருந்தது. நான் என் குழுக்களிடம் சொல்வது அதுதான்: நகர்வதற்கு முன் 'யாராவது என்னைத் தேடுகிறார்களா' என்ற கேள்விக்கு விடை வேண்டும். புறப்படும் முன்பே எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போனால் அந்த விடை உங்கள் கையிலேயே இருக்கும்.

பனித்துளி:

மலைவழி சொன்னதைப் படித்தபின் என் ஆட்சேபணை கொஞ்சம் இளகியிருக்கிறது. முழுக்கப் போகவில்லை.

யாரும் தொடாத ஒன்றைப் பேசிவிடுகிறேன். இறந்தவர்களின் உடலை உண்டது. இதைப் பரபரப்பாக்கித்தான் உலகம் முதலில் பேசியது. படம் அப்படிச் செய்யவில்லை. அந்த விவாதம் நடக்கும் காட்சியில் ஒவ்வொருவருக்கும் பேச இடம் கொடுக்கிறது. கடவுள் நம்பிக்கை, சட்டம், குடும்பம் எல்லாம் வருகிறது. நூமா நீண்ட நேரம் மறுக்கிறார். பிறகு, நான் இறந்தால் என் உடல் உங்களுக்கு என்று ஒருவருக்கொருவர் அனுமதி கொடுத்துக்கொள்கிறார்கள். அனுமதியில்லாமல் எடுத்துக்கொள்வதற்கும், கொடுத்ததைப் பெறுவதற்கும் இடையே எவ்வளவு தூரம்!

ஸ்த்ராவுச் குடும்பத்து உறவுக்காரர்கள் அந்த வெட்டும் வேலையைத் தங்கள் தலையில் ஏற்றுக்கொண்டார்கள். யாருடைய உடல் என்று மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம் என்பதற்காக. நெடுநடை 'வேலை' என்று சொன்னபோது தண்ணீர் உருக்குவதும் தைப்பதும்தான் நினைவுக்கு வந்தது. இதுவும் வேலைதான். மற்றவர்கள் தாங்க வேண்டிய பாரத்தைச் சிலர் எடுத்துக்கொண்டார்கள். வீரம் என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால், உச்சியில் ஏறியதற்கு முன்னால் நான் இதைச் சொல்வேன்.

புதியவள்:

முதல் பதிவு. எல்லோருக்கும் வணக்கம். எனக்கு விசின்தினைப் பற்றித்தான் கேட்க வேண்டும். மூன்று நாள் உயிரைக் கொடுத்து ஏறியபின் 'நீ திரும்பிப் போ' என்றால் எப்படி இருந்திருக்கும்? படத்தில் அது சட்டென்று முடிந்துவிடுகிறது. அவர் ஏன் ஒப்புக்கொண்டார்?

அப்புறம் இன்னொன்று. என் மகனுக்கு 13 வயது. மலையேற்றத்தில் ஆசை. இந்தப் படத்தை அவனோடு பார்க்கலாமா?

மலைவழி:

வாருங்கள். விசின்தின் ஒப்புக்கொண்டதற்குக் கணக்கு எளிது: மூவருக்கான உணவு இருவருக்கு அதிக நாள் வரும். அவர் மூன்று நாளில் ஏறியதைச் சறுக்கியே சீக்கிரம் இறங்கிவிட்டார். அவர் விட்டுச்சென்ற உணவில்தான் மற்ற இருவரும் மேற்கொண்டு நடந்தார்கள். குழுவாக மலையேறும்போது உச்சியைத் தொடாதவர்களும் அந்த ஏற்றத்தில் பங்கு உள்ளவர்கள் என்று எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். வெளியே அவர்கள் பெயர் வராது.

இரவுப்பணி:

மகனைப் பற்றி நான் சொல்கிறேன். விபத்துக் காட்சி மிகக் கடுமையானது, எலும்பு முறியும் சத்தம்கூடக் கேட்கும். பனிச்சரிவுக் காட்சி மூச்சு முட்ட வைக்கும். தனியாகப் பார்க்க விடாதீர்கள். முன்கூட்டியே கதையை, உடலை உண்ட விஷயம் உட்பட, நீங்களே சொல்லிவிடுங்கள். படத்தில் திடீரென்று தெரிந்துகொள்வதைவிட உங்கள் வாயிலிருந்து கேட்பது அவனுக்கு நல்லது. ஒரே அமர்வில் முடிக்க வேண்டியதில்லை. அவன் போதும் என்றால் நிறுத்திவிடுங்கள்.

நெடுநடை:

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். மலை ஆசை உள்ள பையன் என்பதால், ஆற்றங்கரைக் காட்சியில் கொஞ்சம் நிறுத்தி அவனிடம் பேசுங்கள். சுமார் பத்து நாள் நடந்து வந்த இருவரும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாடு மேய்ப்பவர்களைப் பார்க்கிறார்கள். ஆற்றின் இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் செர்ஹியோ கத்தலான் என்பவர் காகிதமும் பென்சிலும் கல்லில் கட்டி எறிகிறார். பர்ராதோ எழுதி அனுப்பியதில் எல்லாம் இருந்தது: மலையில் விழுந்த விமானத்திலிருந்து வருகிறேன், உருகுவேக்காரன், பத்து நாளாக நடக்கிறோம், மேலே விமானத்தில் காயப்பட்ட 14 பேர் இருக்கிறார்கள், எப்போது எங்களை அழைத்துப்போவீர்கள். யார், எங்கிருந்து, எத்தனை பேர், என்ன நிலைமை, என்ன வேண்டும். அந்தக் களைப்பிலும் அழுகையிலும் இதைத் தெளிவாக எழுத முடிந்தது.

கத்தலான் ரொட்டியை எறிந்து கொடுத்துவிட்டு, பல மணி நேரம் குதிரையில் போய்த் தகவல் சொன்னார். டிசம்பர் 22 அன்று ஹெலிகாப்டர் வந்தபோது பர்ராதோவே கூட ஏறி வழிகாட்டினார். அவ்வளவு தூரத்திலிருந்து நடந்து வந்திருப்பார்கள் என்பதை முதலில் யாராலும் நம்ப முடியவில்லை. அன்று ஆறு பேரை ஏற்ற முடிந்தது, மீதி எட்டுப் பேர் மறுநாள் வந்தார்கள். அதே கேள்விகளுக்கு உங்கள் மகன் தன் பெயர், தன் ஊர், தன் வழி வைத்து ஒரு குறிப்பு எழுதிப் பார்க்கட்டும். மலைவழி, வழிகாட்டிகள் வேறென்ன சேர்க்கச் சொல்வீர்கள்?

மலைவழி:

கடைசியாக நல்ல நிலையில் எங்கே இருந்தோம் என்பது, குறிப்பு எழுதிய தேதியும் நேரமும், யாருக்காவது மருந்து தேவையா என்பது. எந்தத் திசையில் நடந்தோம் என்பதும் வேண்டும். குறிப்பை விட்டுவிட்டு நகர்வதென்றால் எந்தப் பக்கம் போகிறோம் என்று அம்புக்குறி போட்டுவிட வேண்டும். பென்சில்தான் நல்லது, குளிரில் பேனா எழுதாது.